ஜவ்வாது மலைக்கு எந்த பைக்? வேலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு நாலு ஸ்ட்ரோக் ஆஃப்ரோடு வண்டி வாங்க முழு வழிகாட்டி

ஆஃப்ரோடு பைக் வாங்கணும், எது நல்லது என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். நடுவழியில் வண்டி நின்றால் யார் வந்து பார்ப்பார்? ஜமுனாமரத்தூர் தாண்டி ஒரு மலைக் கிராமத்துக்குப் போகிற மண்பாதையில் கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டது என்று வையுங்கள். கீழே ஆலங்காயத்திலோ ஒடுகத்தூரிலோ கடை வைத்திருக்கிற மெக்கானிக் அந்த வண்டியில் ஏற்கெனவே கை வைத்தவராக இருக்கணும், அந்த கேபிள் வேலூரில் அன்றைக்கே கிடைக்கணும். இந்த இரண்டும் இருந்தால்தான் நான் அதை நம்பகமான வண்டி என்பேன். குதிரைசக்தி, டிஸ்பிளே, கலர் எல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் ஓடப்போகிற மண்ணைப் பாருங்கள்

பழைய வட ஆற்காடு இன்றைக்கு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்கு மாவட்டம். அதற்குள்ளேயே தரை ஊருக்கு ஊர் மாறுகிறது. ஜவ்வாது மலையில் மெயின் ரோடு தார்தான். அதிலிருந்து பிரிந்து சின்ன ஊர்களுக்குப் போகிற பாதைகளில்தான் செம்மண், சரளை, மழைத்தண்ணீர் அரித்த பள்ளம், நடுவில் துருத்திக்கொண்டு நிற்கிற கல் எல்லாம் வரும். பாலாறு வருஷத்தில் பாதிக்கு மேல் வெறும் மணல், அதில் முன் சக்கரம் தானாகவே திசை மாறும், கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஓட்டினால் ஒரே மதியத்தில் பிளேட் கருகி வாசனை வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிக்கரைப் பாதையும் வயல் வண்டிப்பாதையும் களிமண்ணாகி மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டு சக்கரத்தையே சுற்ற விடாது. ஏலகிரி 14 கொண்டை ஊசி வளைவும் நல்ல தார் ரோடு, அங்கே ஸ்கூட்டரே ஏறுகிறது, அதற்காக இந்த மாதிரி வண்டி வாங்க வேண்டியதில்லை.

இப்போது ஒரு காகிதத்தில் நேர்மையாக எழுதுங்கள், மாதத்தில் எத்தனை நாள் மண்ணில், எத்தனை நாள் தாரில். காட்பாடியிலிருந்து ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு தினமும் வேலைக்குப் போகிறவர் என்றால் லாரிகளுக்கு நடுவே நெடுஞ்சாலையில் ஓட்டுவதுதான் உங்கள் நிஜ வாழ்க்கை, மண் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். அப்படிப்பட்டவருக்கும், அணைக்கட்டுப் பக்கம் நிலம் வைத்துக்கொண்டு தினமும் மேட்டிலும் பள்ளத்திலும் போகிறவருக்கும் ஒரே வண்டி சரிப்படாது.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜவ்வாது மலையில் பெரும்பகுதி காப்புக்காடு. ஊருக்குப் போகிற பாதையில் யாரும் போகலாம். பாதையை விட்டு இறங்கி மரங்களுக்கு நடுவே வண்டியை விட்டால் வனத்துறை வழக்குப் போடும், வண்டியும் போகும்.

நம்பர் பிளேட் கிடைக்கிற வண்டியா?

கடையில் அழகாக, ஒல்லியாக, ஹெட்லைட்டே இல்லாமல் நிற்கிற மோட்டோகிராஸ் வண்டிகள் பந்தயத் தடத்துக்கு மட்டும். கவாஸாகியின் கேஎக்ஸ் வகை மாதிரியானவை. அவற்றுக்கு ஆர்சி கிடையாது, சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில்கூட ஓட்ட முடியாது. விலையும் அதிகம், இன்ஜின் பராமரிப்பு கிலோமீட்டர் கணக்கில் இல்லாமல் மணிக்கணக்கில் வரும். பந்தயத்துக்குப் போகாதவர் அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம். இனி நான் பேசப்போவது ஆர்டிஓவில் பதிவாகிற வண்டிகளைப் பற்றி மட்டும்தான்.

ஏன் நாலு ஸ்ட்ரோக்?

நம் ஊரில் யமஹா ஆர்எக்ஸ் 100 என்கிற இரண்டு ஸ்ட்ரோக் வண்டி மேல் மோகம் இன்னும் தீரவில்லை. 1985 முதல் 1996 வரை வந்த வண்டி, இன்றைக்கும் ஆற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கம் அதன் சத்தம் கேட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் மலைக்கு நாலு ஸ்ட்ரோக்தான் வசதி. இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கைச் சூடாக்காமல் இறங்கலாம். கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுவை இருப்பதால் கல்லுக்கு நடுவே இரண்டாவது கியரில் மெதுவாக ஊர்ந்து ஏற முடியும். பெட்ரோலோடு சேர்ந்து எரிய ஆயில் தனியாக ஊற்றும் வேலையும் இல்லை. எப்படியும் இப்போது புகை விதிமுறைக்கு உட்பட்டு ஷோரூமில் புதிதாக நிற்கிற பைக் எல்லாம் நாலு ஸ்ட்ரோக்தான்.

இன்ஜினில் பார்க்க வேண்டியவை

இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வோம், பின்னால் பணம் கரைவது இங்கேதான்.

முதலாவது, குளிர்விக்கும் முறை. வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கே தெரியும், கத்திரியில் 40 டிகிரிக்கு மேல் போவது சாதாரணம். மேட்டில் முதல் கியரில் நடை வேகத்தில் ஏறும்போது காற்று அடிக்காது, காற்றை மட்டும் நம்பியிருக்கிற இன்ஜின் கொதித்துப் பிக்கப் விடும். தண்ணீர் குளிர்விப்பு இதைச் சமாளிக்கும், ஃபேன் சுற்றும். ஆனால் ரேடியேட்டர் என்பது முன்னால் தொங்குகிற மெல்லிய அலுமினியம். ஒரு கல் தெறித்தாலோ, வண்டி சாய்ந்து கிளை குத்தினாலோ கூலன்ட் ஒழுகி அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது. என் கருத்து, 250 சிசிக்குள் வாங்குகிறவருக்கு ஏர் கூலிங், கூடவே ஆயில் கூலர் இருந்தால் அதுவே போதும், ஏற்றத்துக்கு நடுவில் ஐந்து நிமிடம் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். அதற்கு மேலான சக்தி வேண்டும் என்றால் லிக்விட் கூலிங் தவிர்க்க முடியாது, அப்போது ரேடியேட்டர் கார்டு முதல் நாளே மாட்டிவிடணும்.

இரண்டாவது, டேப்பட், அதாவது வால்வை அமுக்கித் திறக்கிற பாகம், அதற்கும் வால்வுக்கும் நடுவே மெல்லிய கேப் இருக்கணும். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினின் ஆயுள் வால்வில்தான் இருக்கிறது. ஒற்றை கேம் (வால்வை இயக்குகிற சுழல் தண்டு), ஸ்க்ரூ டேப்பட் வைத்த இன்ஜின் என்றால் ஃபீலர் கேஜும் (கேப் அளக்கிற தகடு) ஸ்பானரும் வைத்திருக்கிற எந்த நல்ல மெக்கானிக்கும் அரை மணியில் சரிசெய்து கொடுப்பார். இரட்டை கேம், ஷிம் (கேப்பைச் சரிசெய்கிற சின்னத் தகடு) வைத்தது என்றால் அளவு பார்த்து, பெரும்பாலும் கேமையே கழற்றி, சரியான தடிமனில் ஷிம் போடணும், அந்த ஷிம் கையிருப்பில் இருக்கணும், அந்த வேலை தெரிந்த ஆள் இருக்கணும். டேப்பட் சத்தம் கேட்டால் நம் ஆட்கள் பதறுவார்கள். சத்தம் போடுகிற டேப்பட்டாவது சொல்லிவிட்டுச் செய்கிறது, சத்தமே இல்லாமல் இறுகிப்போவதுதான் ஆபத்து. கேப் இல்லாமல் போனால் வால்வு முழுதாக மூடாது, சூடு தணிய வழியில்லாமல் எக்ஸாஸ்ட் வால்வு எரிந்துவிடும். காலையில் ஸ்டார்ட் ஆக அடம், ஐடிலில் அணைந்து அணைந்து போகிறது என்றால் பிளக் மாற்றுவதற்கு முன் டேப்பட் கேப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பெனி புத்தகத்தில் இத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று போட்டிருப்பார்கள், வாங்குவதற்கு முன்பே அந்த எண்ணைக் கேளுங்கள். ஷோரூம் பையன் முழிப்பான், சர்வீஸ் மேனேஜரிடம் போய்க் கேளுங்கள்.

மூன்றாவது, இன்ஜெக்‌ஷன் பயம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதிமுறை வந்த பிறகு கார்புரேட்டர் போய், சென்சார் வைத்துப் பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. மலையில் சென்சார் போனால் என்ன செய்வது என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உண்மையில் இன்ஜெக்‌ஷன் கெடுவது அபூர்வம், கெடுப்பது அழுக்குப் பெட்ரோலும் செத்த பேட்டரியும்தான். மலைக் கிராமத்துப் பெட்டிக்கடையில் பாட்டிலில் வாங்குகிற பெட்ரோலை மெல்லிய துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். பேட்டரி அடியோடு செத்தால் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் கஷ்டம், பம்ப் ஓடவே கரண்ட் வேண்டும்.

ஆயில் விஷயம் சுருக்கமாக: ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்கிற பைக் ஆயில் தரக்குறி டப்பாவில் போட்டிருக்கணும். மிச்சமிருக்கிறதே என்று கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

எடையும் சீட் உயரமும்

ஆஃப்ரோடில் வண்டி விழும், எல்லோருக்கும் விழும். அதைத் தனியாக, செருப்பு வழுக்குகிற சரளையில், ஒரு நாளில் நாலாவது முறையாகத் தூக்க முடியுமா என்பதுதான் எடைப் பரீட்சை. கவாஸாகி கேஎல்எக்ஸ் 230 சுமார் 139 கிலோ. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி 158 கிலோவை ஒட்டி. சுஸுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் 167. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 சுமார் 196. காகிதத்தில் நாற்பது, ஐம்பது கிலோ வித்தியாசம் சின்னதாகத் தெரியும், மேட்டில் பின்னோக்கிச் சாயும்போது தெரிவது வேறு.

சீட் உயரத்தில் பலர் ஏமாறுகிறார்கள். 825 மி.மீ. சீட் சராசரி உயரம் உள்ளவருக்குச் சமாளிக்கலாம், ஒரு கால் நன்றாக ஊன்றும். 880 என்பது உயரமானவருக்கு, அல்லது ஒரு பக்கம் நகர்ந்து ஒரே காலில் நிற்கப் பழகியவருக்கு. எக்ஸ்பல்ஸ் புரோ 891 வரை போகிறது. அது சஸ்பென்ஷன் நீளம் அதிகமாக வைத்ததால் வருகிற உயரம், தாவிக் குதிக்கிறவருக்கு லாபம், சிக்னலில் நிற்கிறவருக்குத் தொல்லை. ஷோரூமில் சமமான டைல்ஸ் தரையில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள், வெளியே சாய்வான இடத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

சக்கரம், டயர்

முன்னால் 21 அங்குலம், பின்னால் 18 அல்லது 17, இரண்டும் ஸ்போக் என்றால் அது மண்ணுக்குச் செய்த வண்டி. 19க்கு 17, அலாய் என்றால் மோசமான தார் ரோட்டுக்கும் சரளைப் பாதைக்கும் நன்றாக இருக்கும், பாறைக்கு வேண்டாம். இரண்டும் 17 அங்குலம், உயரமான விண்ட்ஷீல்டு, மூக்கு மாதிரி மட்கார்டு என்றால் அது வேஷம். ஸ்போக் ரிம் கல்லில் இடித்தால் வளையும், லேத்தில் கோட்டம் எடுத்துவிடலாம். அலாய் விரிசல் விட்டால் மாற்றணும்.

ஸ்போக் வண்டியில் பெரும்பாலும் டியூப் இருக்கும், பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொள்ளாமல் மலை ஏறாதீர்கள். டயர் லீவர் இரண்டு, ஒட்டுச் சாமான், சின்ன பம்ப், ஒரு 21 அங்குல டியூப். அந்த முன் டியூபை அவசரத்துக்குப் பின் சக்கரத்திலும் திணித்து வீடு வந்து சேரலாம். அரக்கோணம் பக்கம் இச்சிபுத்தூரில் எம்ஆர்எஃப் ஆலையே இருக்கிறது, ஆனாலும் 21 அங்குல டயரை எல்லாக் கடையும் அடுக்கி வைத்திருக்காது. தேய்வதற்கு ஒரு மாதம் முன்பே சொல்லி வையுங்கள்.

ஸ்பேர் பார்ட்ஸ் சோதனை

இதை யாரும் செய்வதில்லை, ஆனால் முடிவெடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பணம் கட்டுவதற்கு முன் அந்தக் கம்பெனியின் ஸ்பேர் கவுன்டருக்கு, வண்டி வைத்திருக்கிறவர் மாதிரிப் போய் நில்லுங்கள். கிளட்ச் கேபிள், கிளட்ச் லீவர், ஏர் ஃபில்டர், பின் பிரேக் பேட், ஃபோர்க் ஆயில் சீல், செயின் ஸ்ப்ராக்கெட் செட், கியர் லீவர் கேளுங்கள். பாதிக்கு மேல் கையில் எடுத்துக் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கலாம். எல்லாம் ஆர்டர் போடணும் சார் என்றால் எத்தனை நாள் என்று கேட்டு, அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். வேலூருக்கு ஒரு வசதி உண்டு, சென்னை 140 கிலோமீட்டர், பெங்களூர் 200 சொச்சம், பார்சல் சர்வீஸில் மறுநாள் வந்துவிடும். அதனால் சர்வீஸ் வெளியூரில் இருக்கிற வண்டியை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் சின்ன வேலைகளை நீங்களே செய்யத் தெரிந்திருக்கணும்.

சரி, எந்த வண்டி?

முதல் ஆஃப்ரோடு பைக், பட்ஜெட் அளவானது என்றால் எக்ஸ்பல்ஸ் 200 4வி. ஏர்-ஆயில் கூலிங், 21க்கு 18 சக்கரம், 220 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ், ஹீரோ டீலர் இல்லாத ஊர் நம் பக்கம் குறைவு. நெடுஞ்சாலையில் 90க்கு மேல் மூச்சு வாங்கும், அதை ஏற்றுக்கொண்டு வாங்குங்கள். 2025-ல் வந்த எக்ஸ்பல்ஸ் 210 லிக்விட் கூல்டு, சக்தியும் ஆறாவது கியரும் கூடுதல், நெடுஞ்சாலையும் மண்ணும் சரிபாதி என்றால் அது.

கேஎல்எக்ஸ் 230 எனக்கு மனசுக்குப் பிடித்த வடிவம். ஒல்லி, எளிமை, ஏர் கூலிங். ஆனால் டேங்க் 7.6 லிட்டர்தான், சீட் 880, சர்வீஸ் எங்கே என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் பேசணும்.

ஹிமாலயன் 411 செகண்ட் ஹேண்டில் நிறையக் கிடைக்கிறது. 2016-ல் வந்தது, 2023 கடைசியில் 450 வந்ததும் ஒதுங்கியது. 24 குதிரைசக்திதான், ஆனால் கீழ் ஆர்பிஎம்மில் டிராக்டர் மாதிரி இழுக்கும், சீட் 800 மி.மீ., ஸ்க்ரூ டேப்பட், எந்த ஊரிலும் புல்லட் மெக்கானிக் இருப்பார். கனம்தான் குறை. 411 ஆகட்டும், வேறு எந்தக் கம்பெனி வண்டியாகட்டும், முதல் வருஷத்தில் வந்ததைத் தவிர்த்து, குறைகள் திருத்தப்பட்டுப் பின்னால் வந்ததை எடுங்கள். 450 நல்ல இன்ஜின், 40 குதிரைசக்தி, தூரப் பயணத்துக்கு அருமை, குறுகிய மலைப்பாதையில் தனியாகப் போகிற புதியவருக்கு நான் சொல்ல மாட்டேன். கேடிஎம் 390 எண்டூரோ ஆர் ஏற்கெனவே ஓட்டத் தெரிந்தவருக்கு.

விலைக் கணக்கில் ஒன்றை மறக்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40. 390, 450 பக்கம் போகிறவர்கள் ஆன்ரோடு விலையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது

நின்றுகொண்டு ஓட்டுங்கள். ஃபுட்பெக்கில் நின்றால் முதுகு வளையாமல் ஹேண்டில் கைக்கு வருகிறதா, முட்டிக்கு டேங்க் பிடிக்கக் கிடைக்கிறதா பாருங்கள். முதல் கியரில் கிளட்சைத் தொடாமல் நடை வேகத்தில் போய்ப் பாருங்கள், திணறி அணைந்தால் மலையில் கிளட்ச்தான் அழும். பின் சக்கர ஏபிஎஸ்ஸை (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) அணைக்க வழி இருக்கிறதா என்று கேளுங்கள், சரளை இறக்கத்தில் ஏபிஎஸ் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து வண்டியை நிற்கவிடாமல் இழுத்துக்கொண்டு போகும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களுக்கு

வரேன் என்று சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே போய் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்க ஏற்கெனவே ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்புங்கள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதோ, இறக்கத்தில் விட்டு மறுபடி முறுக்கும்போதோ நீலப் புகை ஒரு கணம் வந்து போனால் வால்வு சீல். இழுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங், போர் வேலை. ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

அப்புறம் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். ஃபில்டரை எடுத்துவிட்டு, அதற்கு உள்பக்கம், இன்ஜினுக்குப் போகிற குழாயில் விரலை விட்டுத் தேய்த்துப் பாருங்கள். செம்மண் விரலில் ஒட்டினால் அந்தத் தூசி இன்ஜினுக்குள் போய் ரிங்கையும் போரையும் அரைத்திருக்கிறது, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். விற்பவர் திறக்க மறுத்தால் அதுவும் பதில்தான்.

முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள், நடுவில் வந்து பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்புகிற பேரிங்) போயிருக்கிறது. ஃபோர்க் குழாயில் கீறலும் எண்ணெய்ப் பிசுக்கும் பாருங்கள். ஸ்போக்கை ஒவ்வொன்றாக ஸ்பானரால் தட்டுங்கள், மந்தமாகச் சத்தம் தருவது லூஸ். பின் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், ஆடக் கூடாது. ஃபுட்பெக் பொருத்திய இடம், ஹேண்டில் கழுத்துப் பகுதி இரண்டிலும் வெல்டிங் வைத்த அடையாளமோ பெயின்ட் வெடிப்போ இருந்தால் பெரிய அடி வாங்கிய வண்டி.

பேப்பர் வேலை: ஆர்சியில் உள்ள சேசிஸ், இன்ஜின் எண்களை வண்டியில் நேரில் ஒப்பிடுங்கள். ஃபைனான்ஸ் பாக்கி இருந்தால் அது ரத்தான பிறகுதான் முழுப் பணம். பாக்கி சலானை ஆன்லைனில் பாருங்கள். படிவம் 29, 30 கையெழுத்து வாங்கி உடனே பெயர் மாற்றுங்கள். டிஎன் 23 வண்டி டிஎன் 73, டிஎன் 83 பக்கம் கை மாறுவது நம் ஊரில் சகஜம், பெயர் மாற்றாமலே மூன்றாவது ஆள் ஓட்டுவதும் சகஜம், அப்படிப்பட்ட வண்டியை விலை குறைவு என்று தொடாதீர்கள். 2023 ஏப்ரலுக்கு முன் வந்த வண்டி என்றால் பெட்ரோல் ஹோஸ் விறைத்தோ உப்பியோ இருக்கிறதா பாருங்கள், பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது.

வாங்கிய பிறகு

சைலென்சரை மாற்றுகிற பணத்தில் நல்ல அடித்தகடு, ஹேண்ட் கார்டு, முழங்கால் கார்டு, கணுக்கால் மூடுகிற பூட்ஸ் வாங்குங்கள். முதல் சர்வீஸைத் தள்ளிப்போடாதீர்கள், புது இன்ஜினில் உதிர்கிற பொடி முதல் ஆயிலோடுதான் வெளியே போகும். புதிய ஸ்போக் வண்டியில் முதல் சர்வீஸின்போதே ஸ்போக் டைட் பார்க்கச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் பார்க்க மாட்டார்கள்.

மண்ணில் போய் வந்த ஒவ்வொரு முறையும் ஏர் ஃபில்டரைப் பார்க்கணும். ஃபோம் ஃபில்டர் என்றால் கழுவி, நிழலில் காயவைத்து, ஃபில்டர் ஆயில் தடவி மாட்டலாம். பேப்பர் ஃபில்டரைக் கழுவக் கூடாது, காற்றடித்துச் சமாளிப்பதும் ஒன்றிரண்டு முறைக்கு மேல் வேண்டாம், புதிதாக ஒன்று வாங்கி வீட்டில் வைத்திருங்கள். வாட்டர் சர்வீஸில் பிரஷர் பைப்பைச் சக்கர பேரிங், கோன் செட் பக்கம் நேராக அடிக்க விடாதீர்கள், உள்ளே இருக்கிற கிரீஸ் போய்த் தண்ணீர் தங்கிவிடும். கழுவி முடித்த உடனே செயினைத் துடைத்து லூப் போட்டுவிட்டு, பத்து நிமிடம் ஓட்டி ஈரம் காய்ந்த பிறகு நிறுத்துங்கள்.